பெரட்டுல அக்கா பேசினது

ஜூன் 3, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களை நான் பாத்துக்கிற பிள்ளைக்காம்பிராவில இன்னைக்கு பதினோரு பேருதான். மத்ததுகளுக்கு சளி.

ஆஸ்திரேலியாவில இருக்கிற என் கூடப்பொறந்த மலர் அக்கா ஒரு கடிதம் அனுப்பியிருக்கு. அது அங்க அடைக்கலம் கேட்டதை ரெண்டு வருஷம் முன்னாடியே மறுத்துட்டாங்களாம். இவ்வளவு நாள் மறைச்சிருக்கு. கூடவே வந்த அந்த முடிவோட தமிழாக்கத்தை மூணு தடவை படிச்சேன். "எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அல்லர். அரசியல் கருத்து இருந்ததாக நம்ப முடியவில்லை."

கொழுந்து பறிக்கிறவளுக்குக் கருத்து இருக்காதாம்!

"லயத்து வீட்டுக்குக் காணி உறுதி தராதவங்களுக்கு ஓட்டு இல்ல"ன்னு தோட்டமே கேக்கச் சொன்னது யாரு? தலைமுறையா இருக்கிற வரிசை வீட்டை எங்க பேருக்கே பத்திரம் எழுதித் தரணும்னு! அதுக்குத்தானே இங்கத்தக் கட்சிக்காரர் ராசையாவோட ஆளுங்க கதவை உடைச்சாங்க. பொலிஸ் அக்காவை ரெண்டு நாள் வச்சிருந்துச்சு.

ஜூன் 5, வியாழன்

அக்காவோட வக்கீல் ஆபீஸிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அக்கா போன்ல பேசினாங்க. மேல்முறையீட்டுக்கு நான் சாட்சி. திங்கள் காலை 9.30, போனில.

"பிள்ளை, உங்கட அக்கா முதல்ல பரேட்டில பேசினதெண்டு சொல்லி, பிறகு வேலையிடம் எண்டு மாத்தினவவாம். அதாலதான் பொய் எண்டு எழுதியிருக்கினம்."

"பரேட் இல்லீங்க, பெரட்டு! காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற எடம்."

"ஐயோ. மொழிபெயர்ப்பாளர் ஆமிக்காரர் அணிவகுக்கிறது எண்டெல்லோ விளங்கியிருக்கிறார்."

"அட்டன் டவுன்ல பொய்யா ஒரு கட்சி கார்டு அடிச்சு அனுப்பிருவோமா?"ன்னு என் வீட்டுக்காரர். பாவம், நல்லதுக்குத்தான். முடியாதுன்னுட்டேன். அக்கா எந்தக் கட்சியிலயும் இல்ல. அதுதான் நெசம்.

இன்னொன்னு. பொலிஸ் வந்தது வியாழன்னு அக்கா சொல்லியிருக்கு. எனக்கு வெள்ளின்னு ஞாபகம். மாத்திச் சொல்லப் போறதில்ல.

ஜூன் 9, திங்கள்

பேய் மழை. பிள்ளைங்களை என்கூட வேலை செய்யுற லெச்சுமி பாத்துக்கிச்சு. நான் பால்மா வைக்கிற சின்ன ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டு. தகரக் கூரையில ஒரே சத்தம். போன்ல விசாரிக்கிறவங்க "கேக்கல, சத்தமா பேசுங்க"ன்னாங்க. சத்தமா பேசினா ரோட்டுக்குக் கேக்கும். ராசையாவோட தம்பி அங்கதான் நின்னான்.

யோசிச்சேன். அப்புறம் கத்தினேன். பெரட்டுன்னா என்னங்கிறதுலருந்து எல்லாத்தையும், ராசையா பேரோட.

விசாரிக்கிற நீதிபதி அம்மா மொழிபெயர்ப்பாளர் வழியா கேட்டாங்க: "அக்கா வியாழன் என்கிறார், நீங்கள் வெள்ளி. எது சரி?"

"தெரியாதுங்க. பேசி வச்சுக்கிட்டு வந்திருந்தா ஒரே நாளைச் சொல்லியிருப்போம்."

"கட்சியில் இல்லாதவருக்கு என்ன அரசியல்?"

"நாங்க பொறந்த வீடு எங்களுதுன்னு சொல்றதுதாங்க."

வெளிய வந்தேன். லெச்சுமி பால் இல்லாத பிளேன்டி ஊத்திக் குடுத்துச்சு.

ஜூன் 10, செவ்வாய்

ராசையாவே வந்தாரு. குடையை மடக்காம வாசல்ல நின்னாரு.

"என் பேரை வெளிநாட்டுல சொன்னியாமே?"

"சொன்னேங்க. வக்கீலுக்கு எழுதியும் குடுத்திருக்கேன். காப்பி இருக்கு. பேர்ல எழுத்துப் பிழை இருக்கான்னு பாக்குறீங்களா?"

குடையோட திரும்பிப் போயிட்டாரு. ராத்திரி ரெண்டு தாழ்ப்பாளும் போட்டுட்டுத்தான் படுத்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வெயில்! கம்பளி எல்லாம் வெளிய போட்டேன்.

மத்தியானம் அக்கா போன். அழுகையும் சிரிப்பும். நம்பிட்டாங்க! பெரட்டுன்னா என்னன்னு தீர்ப்புல முழுப் பக்கம் எழுதியிருக்காங்களாம். இனி அங்கயே இருக்கலாம். ஆனா இங்க வர முடியாது, அப்பாவைப் பாக்கக்கூட. அதைச் சொல்லிட்டு அக்கா கேட்டுச்சு:

"நீயும் வந்துர்றியாடி?"

நான் எதுக்குப் போகணும்? ஞாயித்துக்கிழமை காணி உறுதிக் கூட்டம். பேசுறவங்க லிஸ்டுல மொதப் பேரா என் பேரை எழுதச் சொல்லிட்டேன்.