மஞ்சள் ஏறிய பத்து நகங்கள்

கணபதி, கோயம்புத்தூர்.
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள மகன் மனோஜ்குமாருக்கு,

அப்பா எழுதுவது. கீழ்க்கண்ட வரிசையில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் எனக்கே வழி தவறிவிடும்.

1. ஜெல் நகப்பூச்சின் நன்மைகள்
2. அதன் தீமைகள்
3. பல்லடம் கல்யாணத்தில் நடந்தது
4. நம் வீட்டு முன்னறை

வரிசைக்குள் போவதற்கு முன் வீட்டுச் செய்தி. நான், அம்மா, மருமகள் பிரவீனா மூவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மஸ்கட்டுக்குக் கொடுத்துவிட்ட பருப்புப்பொடி தீர்ந்துவிட்டதா, வண்டு வைத்துவிட்டதா என்று கேட்கச் சொன்னாள்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் நீ வேகமாகப் பேசுகிறாய். நான் என் இரண்டாவது வாக்கியத்தை யோசித்து முடிப்பதற்குள் "சரி சாமி" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. பிரவீனா முன்னறையில் செய்கிற இந்த நகப்பூச்சு வேலையை விட்டுவிட வேண்டும், தீபாவளிக்கு நீ வரும்போது முன்னறை பழையபடி சோபாவும் டிவியுமாக இருக்க வேண்டும் என்றாய். "நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாருங்கப்பா. நல்லது கெட்டது ரெண்டையும் எழுதி அவகிட்டக் காட்டுங்க. நான் சொன்னா சண்டைங்கறா, நீங்க சொன்னா கேட்டுக்குவா" என்றாய். சரி சாமி என்றேன். கேட்டபடி இரண்டையும் எழுதியிருக்கிறேன். ஆனால் உனக்குத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று பட்டது. இது சரியா தவறா என்று தெரியவில்லை.

முதலில் நன்மைகள். சாதாரணப் பூச்சு பாத்திரம் கழுவினால் ஓரிரு நாளில் உரியும். ஜெல் இரண்டு மூன்று வாரம் பளபளப்புக் குறையாமல் நிற்கிறது. விளக்கடியில் வைத்த உடனே இறுகிவிடுவதால் காயும்வரை கையை ஆட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. மெல்லிய நகக்காரர்களுக்கு அது ஒரு கவசம் மாதிரி. பம்பு கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றுகிற ஒரு பெண் வருகிறாள். கம்பி பட்டு நகம் உடைந்துகொண்டே இருந்ததாம், இப்போது இல்லையாம். நகம் கடிக்கிற பழக்கம் இருந்த ஒரு டீச்சரும் வருகிறார். கடித்தால் பல்லுக்குத்தான் வலிக்கிறது என்று விட்டுவிட்டார்.

உன் அம்மாவின் கருத்தையும் பதிவு செய்கிறேன். முதல் நாள் கதவோரம் நின்று பார்த்தாள். "அராவறா, பெயிண்டு அடிக்கறா, அப்புறம் லைட்டுல வெச்சுச் சுடறா. இதுக்கு நம்ம அன்புமணி லேத்து பட்டறையே தேவலைங்க" என்றாள். இப்போது வருகிறவர்களுக்கு மோர் கொடுப்பவள் அவள்தான்.

இனி தீமைகள். அந்த விளக்கின் புற ஊதாக் கதிர் தோலில் படுவது நல்லதல்ல. அடிக்கடி போடுகிறவர்கள் விரல்நுனி திறந்த கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு வரும். ஒருமுறை வந்தால் அது லேசில் விடாது. ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அடர்ந்த நிறப் பூச்சுக்கு மேல் தடுமாறலாம். அடியில் நகத்துக்கு ஏதாவது வந்தாலும் வெளியே தெரியாது. கழற்றுவதற்கு அசிட்டோன் வேண்டும். அது தோலை வறட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தொடர்ந்து போட்டால் ஜெல் நகத்தை மெலிதாக்கிவிடும். நான் படித்தவரை இதுதான் பெரிய குறை. கடைசியாக ஒன்று: வெளிர் நிற ஜெல்லில் மஞ்சள் பட்டால் கறை ஏறும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பல்லடத்தில் படித்தேன்.

மூன்றாவதுக்கு வருகிறேன். முந்தாநாள் புதன்கிழமை நடந்தது. உன்னிடம் பிரவீனா சொல்லியிருக்க மாட்டாள். நீங்கள் இருவரும் இப்போது அதிகம் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும், தெரியாதது போல இருக்கிறேன்.

பல்லடத்தில் தறி வைத்திருக்கிறவர் வீட்டுப் பெண், லாஸ்யா என்று பெயர். கல்யாணத்துக்காக நம் வீட்டுக்கே வந்து ஜெல் போட்டுக்கொண்டு போனாள். பால் வெள்ளையில் லேசாக ரோஸ் கலந்த நிறம். பிரவீனாவுக்குக் கிடைத்த முதல் கல்யாணப் பெண் அவள்தான். மறுநாள் பெண் வீட்டில் நலங்கு. பெண்கள் கூடி ஈரோட்டு மஞ்சளை அரைத்துக் கை நிறைய அள்ளிப் பூசியிருக்கிறார்கள். நகம் பத்தும் மஞ்சள் ஆகிவிட்டது. நலங்கு உண்டென்று பெண்ணும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கொங்கு நாட்டில் கல்யாணப் பெண்ணுக்கு மஞ்சள் பூசுவார்கள் என்பது இருவருக்கும் தெரியாததா! அவ்வளவு தெரிந்த விஷயமாக இருந்ததால்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை மதியம் மண்டபத்திலிருந்து போன் வந்தது. உடனே வா என்றார்கள். பிரவீனா பையை எடுத்துக்கொண்டாள். தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கூடப் போய் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. ஆனாலும் வண்டியில் ஏறிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் நகம் மஞ்சளாக இல்லை, சிவப்பாக இருந்தது. பெண்ணின் அத்தை பூவாத்தாள், கோழிப்பண்ணை வைத்திருக்கிற அம்மாள், பெரிய குரல். பெண்ணின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏனம்மணி, புள்ளைக்கு நகத்துல ரத்தம் கட்டிப்போச்சு பாரு! என்ன கருமத்தைப் பூசிவிட்டே? பொழுது சாய மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துருவாங்க. சீர் செய்யற கையி, ஆரத்தித் தட்டுல முக்கி எடுத்தாப்பல இருக்குது!" என்றார். அறை நிறையப் பெண்கள். ஒருத்தி, கண்ட கண்ட கெமிக்கல் என்றாள். இன்னொருத்தி, போலீசுக்குப் போகலாம் என்றாள்.

பிரவீனா பூச்சைக் கழற்றிவிட்டு வேறு போடுகிறேன் என்றாள். ஆனால் விரல்நுனி வரை மருதாணி. அசிட்டோனில் ஊற வைத்தால் மருதாணியும் போய்விடும். அராவி எடுக்கலாம் என்று அரத்தை எடுத்ததும், "இரும்பைக் கொண்டு அராவறயா, வையி கீழ!" என்று பூவாத்தாள் கையைத் தட்டிவிட்டார்.

அப்போது பிரவீனா என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னாள். "அவரு சொன்னது சரிதானுங்க மாமா. இதோட விட்டர்றனுங்க. முன்னறையை நாளைக்கே காலி பண்ணிப்போடலாம்."

மனோஜ், நீ கேட்டது நடந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. சரி கண்ணு என்று சொல்லி வண்டியைக் கூப்பிட்டிருந்தால் போதும். என் சுபாவத்துக்கு அதுதான் பொருத்தம். ஆனால் பூவாத்தாள் சொன்ன ஒரு சொல் காதில் விழுந்து கிடந்தது. ஆரத்தி. ஆரத்தித் தண்ணீர் எப்படிச் சிவக்கிறது? மஞ்சளில் சுண்ணாம்பு சேர்வதால். வருஷா வருஷம் பதினோராம் வகுப்புக்கு நான் மஞ்சள் காகிதத்தை வைத்துக் காட்டியது அதுதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏனுங்க, கையைச் சோப்புப் போட்டுத் தேச்சீங்களா?" என்று கேட்டேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.

"துணி சோப்புத்தான். தேச்சாத்தான மஞ்சள் போகும்? நீங்க யாருங்க?" என்றார் பூவாத்தாள்.

"மாமனாருங்க" என்றேன். அறையில் சிரிப்பு. ஒரு எலுமிச்சம்பழம் வேண்டும் என்றேன். சமையல்கட்டிலிருந்து வந்தது. பிரவீனாவே பிழிந்து ஒரு நகத்தில் தடவினாள். சிவப்பு அப்படியே மஞ்சளாகத் திரும்பியது. பூவாத்தாள் வாயில் கை வைத்துக்கொண்டார். "ரத்தம் இல்லைங்க, மஞ்சள்தானுங்க. பூச்சு மேல குத்தமில்லைங்க" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு கூட்டத்தின் நடுவே இவ்வளவு உரக்கப் பேசியதில்லை.

சிவப்பு போயிற்று. மஞ்சள் போகவில்லையே? அதற்கு வெயில் வேண்டும். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுத்துவிடும். வெயில் என்று சொன்னதும் பூவாத்தாளுக்குக் கோபம் திரும்பியது. "கலியாணப் பொண்ணைக் கொண்டுபோயி வெயில்ல உக்கார வெக்கறதா? கறுத்துப்போச்சுன்னா நீங்க வந்து கட்டிக்குவீங்களா வாத்தியாரே?" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. வழி கண்டுபிடித்தவள் பிரவீனா. மேற்குப் பக்க ஜன்னலைத் திறந்து, பெண்ணை உள்ளே நிழலில் உட்கார வைத்து, கையை மட்டும் கம்பி வழியே வெளியே நீட்டச் சொன்னாள். என் தோள் துண்டை வாங்கிக் கையை மூடினாள். நகம் பத்து மட்டும் வெயிலில் இருந்தது.

நான் ஜன்னலுக்கு வெளியே காவல் நின்றேன். அந்த நேரத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வெயிலில் மஞ்சள் வெளுக்கும் என்பதற்கு எனக்கு இருந்த கண்கண்ட ஆதாரம், உன் அம்மா மொட்டைமாடியில் காயவைக்கும் சாம்பார் டப்பாதான். அது பிளாஸ்டிக், இது பிசின். இரண்டும் ஒன்றுபோல நடக்குமா? பந்தல்காரர் ஒருவர் வந்து, "ஏனுங்க, ஜன்னல்ல என்னங்க காயப்போட்டிருக்குது?" என்றார். உள்ளேயிருந்து கல்யாணப் பெண்ணே, "நகமுங்கண்ணா! காக்கா தூக்கிட்டுப் போகாமப் பாத்துக்குங்க!" என்றாள். மதியத்திலிருந்து அழுத பெண் அப்போதுதான் சிரித்தாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது பிரவீனாவின் குரல் வந்தது. "மாமா, சுண்டுவிரலைப் பாருங்க." பார்த்தேன். ஓரத்தில் பால் வெள்ளை தெரிந்தது. பிறகு மோதிர விரல். பந்தலின் நிழல் ஜன்னலை எட்டுவதற்குள் பத்தும் வெளுத்துவிட்டன. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தட்டவில்லை. துண்டை உதறி மடித்துக்கொண்டேன்.

என் பங்கு அவ்வளவுதான். நிறம் போனதே தவிர, துணி சோப்புத் தேய்த்ததில் பளபளப்பு எல்லாம் போய்விட்டிருந்தது. மீதி வேலை அவளுடையது. ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் துடைத்து, மெல்லத் தேய்த்து, மேல்பூச்சுப் பூசி, விளக்கில் வைத்து எடுத்தாள். மருதாணியில் ஒரு துளி படவில்லை. இம்முறை தட்டிவிடக் கை எழவில்லை. பூவாத்தாளே பெண்ணின் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மேளம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் இறங்கியபோது பிரவீனா கடைசி விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் கிளம்பும்போது பூவாத்தாள் பின்னாலேயே வந்தார். தாம்பூலப் பையைக் கொடுத்துவிட்டுக் கையை விரித்துக் காட்டினார். "ஏனம்மணி, முட்டை பொறுக்கற கையி. இதுக்கும் எதாச்சும் போட்டுவிட முடியுமா? பையன் கலியாணம் தையில வருது" என்றார். பிரவீனா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போடலாமுங்க அத்தை. நலங்கு முடிஞ்ச பொறகு வாங்க" என்றாள். பக்கத்தில் நின்ற பெரியவர், இது யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பெண் என்று நான் சொன்னேன். இதையும் யாரும் சொல்லச் சொல்லி நான் சொல்லவில்லை.

நான்காவது, முன்னறை. ஊரான் கையைப் பிடித்து நகம் அராவுகிற பிழைப்பு நம் குடும்பத்துக்கு எதற்கு என்று கேட்டாய். அன்றைக்குச் சரி சாமி என்று போனை வைத்துவிட்டேன். இன்றைக்கும் அழகாகச் சொல்ல வரவில்லை. அந்தக் கைகளை அவள் எப்படிப் பிடிக்கிறாள் என்று நீ ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் சொல்லக்கூடியது அவ்வளவே.

நேற்று ஒரு காரியம் செய்தேன். யாரையும் கேட்கவில்லை. என் புத்தக அலமாரியை நடைக்கு நகர்த்திவிட்டு, முன்னறையில் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த சோபாவையும் டிவியையும் என் அறைக்குக் கொண்டுவந்து போடச் செய்தேன். சோபா உள்ளே நுழைய மறுத்தது; நிலைக்கதவைக் கழற்றி நுழைத்தோம். உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வாத்தியாருக்கு என்னாச்சு?" என்றாள். அந்தச் சோபாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தீபாவளிக்கு நீ வந்தால் டிவி பார்க்க இங்கேதான் வர வேண்டும். முன்னறை அவளுடையது. இதில் நான் சரி சாமி என்று சொல்வதாக இல்லை.

கோபப்படாதே. பட்டாலும் என் மேல் படு, அவளிடம் காட்டாதே. வேளைக்குச் சாப்பிடு. எங்கள் எல்லோருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
நஞ்சுண்டன்.

பின்குறிப்பு: பக்கங்களைப் போனில் படமெடுத்து அனுப்ப எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் பிரவீனாவிடமே கொடுத்தேன். படிக்காமல் எடு என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். அழுதுவிடுவாளோ என்று பயந்து நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, ரெண்டாவதுல ஒண்ணு தப்புங்க" என்றாள். எது என்றேன். "ஜெல் நகத்தை மெலிசாக்காதுங்க. பொறுமையில்லாம பிச்செடுக்கறாங்க பாருங்க, அப்பத்தான் நகமும் சேந்து பிஞ்சு வருது. ஊற வெச்சு, தானா விடறவரைக்கும் காத்திருந்தா ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள். அவள் நகத்தையே காட்டினாள். கழற்றிப் பல நாள் ஆன நகம், கெட்டியாக இருந்தது. மறுபடி புத்தகத்தைப் புரட்டினேன். அவள் சொன்னதுதான் சரி. மெலிதாக்கும் என்று நான் எழுதியது தவறு. அந்த வரியை அடித்துவிட்டுப் படித்துக்கொள், சாமி.