மாமி கொண்டுபோன துணி

செவ்வாய் இரவு. ஆஸ்பத்திரியின் பிரசவ வாட்டு.

மகள் பிறந்து ஒரு நாள் கடந்துவிட்டது. இன்னும் சிறுநீர் போகவில்லை. மிஸ்ஸிமார், அதாவது தாதிமார், வந்து கேட்பதெல்லாம் அதைத்தான். மாலைவரை பார்ப்பதாகவும், இல்லையென்றால் பிள்ளையைக் கொண்டுபோய் இரத்தம் எடுத்துப் பார்ப்பதாகவும் டொக்டர் காலையில் சொன்னார். பால் போதவில்லையோ என்று பகல் முழுக்க என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

பகல் என்னோடு இருந்துவிட்டு குண்டசாலை வீட்டுக்குத் திரும்பிய மாமி, என் கணவரின் தாய், மாலையில் போனில் கோல் எடுத்தா.

"நாளைக்கு எத்தன துணி கொண்டு வர மகள்? பகல் நீங்க குளிக்கப் போன நேரம் புள்ள மூத்திரம் பெய்ஞ்சிருந்திச்சு. நஜீஸ் பட்ட அசுத்தத் துணிய அங்க எதுக்கு வைக்கிறண்டு ஊட்டுக்குக் கொண்டு வந்து கழுவிப் போட்டேன்."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டு மிஸ்ஸியிடம் ஓடினேன். அவர் சிங்களப் பெண், தமிழ் கொஞ்சம் பேசுவார்.

"நான் பார்க்க இல்ல தானே அம்மா. எங்களுக்குக் கண்ணால பார்க்க வேணும்."

பிள்ளையை மடியில் கிடத்தி, துணிக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டொக்டர் அந்தக் கோடியிலிருந்து கட்டில் கட்டிலாக வந்துகொண்டிருந்தார். பிள்ளை அசையவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு அவர் வந்து நின்றபோதுதான் கையில் சூடாகப் பட்டது. கையைத் துடைக்காமல் அப்படியே அவரிடம் நீட்டினேன்.

மிஸ்ஸி துணியைத் தொட்டுப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்.

அந்தத் துணி கட்டில் கம்பியில் தொங்குகிறது. நான் கழுவவில்லை. நாளைக்கு மாமி வந்து பார்க்கட்டும்.