கறுப்பு மண்

கண்டி
ஆவணி 1985

அன்புள்ள வாப்பாவுக்கு,

ஸலாம். உம்மாட இருமல் குறைஞ்சிட்டா? நான் சுகம்.

என்ட புவிச்சரிதவியல் ஆய்வுக்கு நீங்க மருதமுனைக் கடற்கரையில அள்ளித் தந்த கறுப்பு மண்ணை, வழியில ஆமி சோதனையில கண்டுட்டாங்க. அரைகுறைத் தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் "மருந்தா?" எண்டு கேட்டார். பக்கத்தில இருந்த உம்மாட தைலப் போத்தலைத்தான் கேக்கிறார் எண்டு நினைச்சு "ஓம்" எண்டுட்டன். அவர் கேட்டது வெடிமருந்தை.

எங்கட விரிவுரையாளர் வந்து விளங்கப்படுத்தின பிறகு விட்டுட்டாங்க. அடிக்கல்ல எண்டு உம்மாக்கிட்டச் சொல்லுங்க.

பக்கத்து வீட்டு மசூர் கண்டிக்கு வந்தா நீட்டுக்கை சேர்ட் ரெண்டு குடுத்தனுப்புங்க. இங்க குளிர். தைலமும் முடிஞ்சிட்டு.

மண்ணை யாரு அள்ளின எண்டு கேட்டாங்க. நான்தான் எண்டிருக்கன். அங்க வந்து கேட்டா நீங்களும் அப்படியே சொல்லுங்க வாப்பா.

மகன்,
உவைஸ்