‘முடிந்தது’ என்று நான் எழுதிய காலை

தெஹியோவிட்டவில் நான் ஏறிய பஸ் அவிசாவளையைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் அந்த வாசம் வந்துவிட்டது. முன் சீட்டுக்காரர் காலடியில் வைத்திருந்த சாக்கில் ரப்பர் ஷீட். புளிப்பும் புகையும் கலந்து மூக்கில் ஒட்டிக்கொள்கிற வாசம். வெளியே மழை, கண்ணாடியெல்லாம் பனித்துப்போய் ஊரும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. கண் சொக்கியது. நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “தள்ளி உக்காரு புள்ள, பாதி சீட்டு ஒனக்கேதானா?” என்றாய். நான் நிஜமாகவே தள்ளி உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

திங்கட்கிழமைகளில் நீ ரப்பர் தோட்டத்து வீட்டிலிருந்து இந்த வாசத்தோடுதான் இரத்தினபுரி ஆபீசுக்கு வருவாய். குடையில், பையில், சிலவேளை தலைமுடியிலும் இருக்கும். நான் மூக்கைப் பொத்திக் கேலி செய்வேன். “ஒங்க ஊரு ஓப்பநாயக்க தேயில மட்டும் சந்தனமா மணக்குதாக்கும்” என்பாய். பிறகு இருவரும் அந்தச் சின்ன அறைக்குள் போவோம். எந்நேரமும் குளிர், எந்நேரமும் இரைச்சல். ஓயாத மழைக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அங்கேதான் நம் இரண்டு சேர்வர்களும் இருந்தன. பதினோரு தோட்டத்து ஆட்களின் பேரும், யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்கிற அனுமதியும் அவற்றுக்குள். மடுவத்தில், அந்த நிறுவைக் கொட்டகையில், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற டிஜிட்டல் தராசுகூட முதலில் நம்மிடம் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

பேரையும் அனுமதியையும் வைத்திருக்கிற அந்த டிரெக்டரி மென்பொருளில் ஓட்டை என்று முதன்முதலில் அறிவித்தல் வந்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அளவுக்கு மீறி நீளமான ஒரு கேள்வியை அனுப்பினால் நினைவகம் குழம்பிவிடும், கடவுச்சொல்லே இல்லாத ஆள்கூட உள்ளே வந்துவிடலாம் என்று போட்டிருந்தார்கள். நீ ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னாய்: “காம்பராவுக்கு ஒரு குடும்பம்னு பத்து காம்பரா இருக்கிற லயத்துக்கு பதினோரு குடும்பத்த அனுப்புனா என்னா செய்யும்? பதினோராவது குடும்பம் பக்கத்து லயத்துல பூந்துரும். அது கிளாக்கர் ஐயா வீடா இருந்தா, அப்புறம் தோட்டமே அவங்க கையில. இந்த சேர்வர் வாசல்ல நின்னு எண்ணிப் பாக்கல, அவ்வளவுதான். இப்ப எண்ணச் சொல்லி அனுப்பியிருக்காங்க.” படித்த படிப்பில் எந்த விரிவுரையும் எனக்கு இப்படி விளங்கியதில்லை.

முதலாவது சேர்வரை நீ எடுத்துக்கொண்டாய், இரண்டாவதை என்னிடம் விட்டாய். அவர்கள் அனுப்பிய திருத்தத்தை ஏற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் ஏற்றினால் மட்டும் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பினால்தான் பழையது போய்ப் புதியது வரும். அதைக் கண்ட நேரத்தில் செய்ய முடியாது. பகல் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, அந்திக் கொழுந்து வருவதற்கு முன்னால், அந்த இடைவெளிக்குள் செய்ய வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். காலையிலேயே திருத்தத்தை ஏற்றிய கையோடு பதிவேட்டைத் திறந்து, ‘இரண்டாவது சேர்வர், திருத்தம் ஏற்றி மீள எழுப்பியது, முடிந்தது’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்களத்தில் விடியற்காலையிலேயே பேர் போட்டுவிட்டு மலைக்குப் போகிற சனத்தில் பிறந்தவள் நான். பேர் போட்டாயிற்று என்றால் வேலை நடந்துவிடும் என்கிற எண்ணம் ரத்தத்தில் ஊறியிருந்தது. அன்று மழை. பகல் நிறுவை இழுத்துக்கொண்டே போனது. “மிஸ், இன்னும் ஆளுங்க நிக்கிறாங்க, நிப்பாட்டிறாதீங்க” என்று ஒரு தோட்டத்துக் கிளாக்கர் இரண்டு முறை போன் பண்ணினார். பிறகு அந்தியாகிவிட்டது, என் பஸ்ஸும் வந்துவிட்டது. பதிவேட்டில்தான் எழுதியாயிற்றே என்று ஏறிப் போய்விட்டேன். மறுநாள் அது நினைவிலேயே இல்லை.

நான்கு நாள் கழித்து யாரோ வெளியிலிருந்து அந்த ஓட்டையைத் தட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது சேர்வர் விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. அதை நம்பியிருந்த ஐந்து தோட்டங்களில் தராசு திறக்கவில்லை. மடுவத்துக்கு வெளியே பெண்கள் சாக்கை முதுகில் வைத்தபடி மழையில் நின்றார்கள். கட்டிவைத்த கொழுந்து சூடேறிச் சிவந்துபோனது.

மேனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டு, “கவுத மே வெடே களே?” என்று கேட்டார். யார் செய்த வேலை இது? அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்குவதாக இருந்தது. பதிவேடு அவர் மேசையில் இருந்தது, என் கையெழுத்தோடு. நீ ஒரு அடி முன்னால் வந்து, “நான்தான் சேர் எழுதிவைக்கச் சொன்னேன். பகல் நிறுவ முடிஞ்சதும் நானே எழுப்புறேன்னு சொல்லிட்டு மறந்துட்டேன்” என்று சிங்களத்தில் சொன்னாய். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எச்சரிக்கைக் கடிதம் உன் பேருக்கு வந்தது. கொழும்புக்கு அனுப்புவதாகச் சொன்ன பயிற்சி வேறு யாருக்கோ போனது. நான் நிரந்தரமானேன். வெளியே வந்து உன் கையைப் பிடித்தபோது, “இனிமே செஞ்சிட்டு எழுது, என்னா?” என்றாய், அவ்வளவுதான். நான் அழுதேன். ஆனால் திரும்பிப் போய்க் கதவைத் தட்டவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம், மேனேஜரின் கோபம் ஆறட்டும், வருஷக் கடைசி போகட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். நீ ஒரு நாளும் கேட்கவில்லை. பிறகு வெள்ளம் வந்தது. அது வடிந்த வாரம் உனக்கு எலிக்காய்ச்சல். ஐந்தாம் நாள் நீ இல்லை.

உன் நாற்காலியைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். இரண்டு வருஷமாக அதில் உட்கார்ந்திருக்கிறேன். கேவலமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் அதே மென்பொருளில் இன்னொரு ஓட்டை என்று அறிவித்தல் வந்தது. இதுவும் நினைவகக் கோளாறுதான். திருத்தத்தை ஏற்றினேன். பகல் நிறுவை முடியும்வரை நாற்காலியை விட்டு அசையாமல் இருந்தேன். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி எழுப்பினேன். எத்தனை மணிக்கு எழுந்தன என்று அவற்றின் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, “எழுப்பினாய்தானே? அந்தப் பிள்ளை செய்தது மாதிரி விட்டுவிடாதே” என்றார். நல்ல மனிதர். சும்மாதான் சொன்னார். ஆனால் நீ அந்த ஆபீசில் ‘எழுப்ப மறந்த பிள்ளை’ ஆகிவிட்டாய். எத்தனை ஓட்டை அடைத்தாய், எத்தனை முறை எங்களைக் காப்பாற்றினாய் என்பதெல்லாம் ஒருவருக்கும் நினைவில்லை.

அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். நின்றபடியே, எல்லாவற்றையும். “ஏன் இப்போது?” என்று கேட்டார். வெள்ளிக்கிழமை இரண்டு கடிதங்கள் வந்தன. உன் எச்சரிக்கையை ரத்துச் செய்து ஒன்று, என் பேருக்கு எச்சரிக்கையாக ஒன்று.

உன்னுடையதை எடுத்துக்கொண்டு இன்று தெஹியோவிட்டவுக்கு, உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா ரப்பர் பால் வெட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்தார். “வா புள்ள, நனஞ்சிட்டியே” என்று துண்டைக் கொடுத்தார். சிங்களத்தில் இருந்த கடிதத்தைத் தமிழில் சொல்லி வாசித்தேன். நான் செய்ததையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தினார்.

“அவ அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டா புள்ள. ஏன்டி நீ ஏத்துக்கிட்டேன்னு நான்தான் கத்துனேன். ‘விடும்மா, அவளாவே போய்ச் சொல்லிருவா, நீ பாரு’ன்னா. ஆஸ்பத்திரியிலயும் கேட்டா, ‘அவ ஆபீசுல ஏதும் சொன்னாளாம்மா?’ன்னு.”

இந்தப் பஸ்ஸில் என் மடியிலிருக்கிற பையில் அந்தக் கடிதம் இல்லை, அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உன்னுடைய அந்தக் கேள்வியைத்தான் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறேன்.