களி கொதிக்கிற மலை

இராஜபாளையம்,
மே 9, 1982.

அன்புள்ள அத்தானுக்கு,

அருள்செல்வி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே அத்தையும் உங்கள் அண்ணனும் நானும் சுகம். மில்லில் மிஷின் மாட்டிக் கொடுக்க இந்தோனேஷியாவுக்குப் போன என்னைக் கட்டின மனுஷன் இருக்கிற பக்கத்திலேயே மலை வெடித்தது என்று ரேடியோவில் கேட்ட நாள் முதல், உங்கள் கடிதம் வரும்வரை யாருக்கும் சோறு இறங்கவில்லை. மலையின் பெயர் கலுங்குங் என்று படித்துச் சொன்னேன். நம் கம்மாயில் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு மாதிரியா என்று அத்தை கேட்டார்கள். ஆமாம் அத்தை, இதில் தண்ணீருக்குப் பதில் நெருப்பு வழிகிறது என்றேன்.

காகிதத்தில் மடித்து நீங்கள் வைத்திருந்த சாம்பல் பத்திரமாக வந்தது. உங்கள் அண்ணன் அதை வெளியே கொட்டச் சொன்னார், வேதத்தில் சோதோம் கொமோரா ஊர்களை அழித்த நெருப்பாம். நான் கொட்டவில்லை. அடுப்புச் சாம்பல் மாதிரித்தானே என்று ஒரு சிட்டிகை எடுத்து எவர்சில்வர் டம்ளரைத் தேய்த்துப் பார்த்தேன். டம்ளர் முழுக்கக் கீறல். தண்ணீரில் போட்டேன், கரையாமல் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இது எரிந்து மிச்சமானது இல்லை, பொடியாக உடைந்த கல்லும் கண்ணாடியும் என்று அப்போதுதான் உறைத்தது. இதையா அங்கே மூச்சில் இழுக்கிறீர்கள்?

கொஞ்சம் இருமல் என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே பேரிங்கில் தூசி புகுந்த கதைக்குப் போய்விட்டீர்கள். சத்திரப்பட்டியில் நான் வேலை பார்க்கிற பேண்டேஜ் கம்பெனியில் கேட்டுத் துணி வாங்கி, மடிப்பு மடிப்பாக மடித்து நாடா வைத்துத் தைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டுங்கள். கூட வேலை பார்க்கிற அந்த ஊர்க்காரர்களுக்கும் கொடுங்கள்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பொழுது சாயும்போது செண்பகத்தோப்புக்கு மேலே மலையில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். காய்ந்த புல் பற்றியிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார்கள். ஆனாலும் கேட்கிறேன். ஒரு மலைக்குள் நெருப்பு எப்படிப் போகிறது? நம் மலைக்குள்ளும் இருக்குமா? தெரிந்ததை எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
அருள்செல்வி.


இராஜபாளையம்,
ஜூலை 4, 1982.

அன்புள்ள அத்தானுக்கு,

முதலில் அத்தையைப் பற்றி. அவர்கள் நன்றாக இருக்கிறார்கள், இப்போதுதான் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுகிறார்கள். நீங்கள் பதற வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று பேயடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். உங்கள் தீவுப் பக்கம் பறந்த பெரிய விமானம் ஒன்று சாம்பல் மேகத்துக்குள் மாட்டி, நாலு இன்ஜினும் நின்றுபோய், கீழே இறங்கி இறங்கி, மேகத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் இன்ஜின்களுக்கு உயிர் வந்ததாம். முன்கண்ணாடி முழுக்கத் தேய்ந்து விமானிக்கு எதிரே ஒன்றும் தெரியவில்லையாம். அதைப் படித்துவிட்டுத்தான் தானாகவே வாயைத் திறந்தார். மில் உங்களை விடாது என்று பயந்து, அம்மா சாகக் கிடக்கிறாள், உடனே புறப்படு என்று முந்தின நாள் தந்தி கொடுத்திருக்கிறார்.

"தம்பி உசிரோட வந்துட்டாப் போதும்னுதான் பண்ணேன்" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்குக் கோபப்படக்கூட நேரமில்லை. தந்தியைப் பார்த்ததும் நீங்கள் முதல் விமானத்தில் ஏறிவிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியாதா?

தந்தி ஆபீசுக்கு நான் கிளம்பினதும் அத்தையும் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு கூட வந்தார்கள். அங்கே இருந்த ரத்தினம் சார், நேற்றுத்தானே சீரியஸ் என்று அனுப்பினீர்கள், இன்றைக்கு நலம் என்றால் எது நிஜம் என்று கேட்டார். அத்தை ஜன்னலுக்குள் முகத்தை நீட்டி, "நான் குத்துக்கல்லாட்டம் நிக்கேன், பாத்துக்கிடும். அவன் வானத்துல ஏறக்கூடாதுன்னு எழுதும்" என்றார்கள். அவர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார். அம்மா நலம், விமானம் ஏற வேண்டாம்.

எது முதலில் உங்கள் கைக்கு வந்ததோ தெரியவில்லை. கை சும்மா இருந்தால் மனது எங்கெங்கோ போகிறது. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறேன். உங்கள் தீவுக்குத் தெற்கே கடலின் தரையே மெல்ல நகர்ந்து தீவுக்கு அடியில் நுழைகிறதாம். அது கொண்டுபோகிற ஈரம் ஆழத்தில் இருக்கிற சூடான பாறையை இளக்குகிறது. இளகினது மேலே ஏறி வழி தேடுகிறது. எல்லா எரிமலையும் வெடிப்பதில்லை என்றும் போட்டிருக்கிறது. ஹவாய்த் தீவில் பெரும்பாலும் சும்மா வழிந்து ஓடுமாம். ஏன் இப்படி என்று புரியாமலே வீட்டுக்கு வந்தேன். கேப்பைக் களி கிண்டும்போது புரிந்தது. கஞ்சி பொங்கினால் ஓரமாக வழியும். களி அப்படியா? உள்ளே மாட்டின காற்று தம் பிடித்து, புளக்கென்று வெடித்துக் கையில் தெறிக்கும். உங்கள் மலை களி ஜாதி.

நம் மலையில் அந்த ஆபத்து இல்லை. மராட்டியப் பக்கத்துக் கரிசல் மண் மட்டும் முன்னொரு காலத்தில் வழிந்த நெருப்புக் குழம்பு ஆறி மக்கினதாம். நம் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசலும் அப்படித்தானோ என்று ஆசையாகத் தேடினேன். இது வேறு கல் மக்கி வந்தது என்கிறார்கள்.

ஒரு வரியாவது உடனே எழுதுங்கள். உங்கள் அண்ணன் வாசலிலேயே தபால்காரரைப் பார்த்தபடி நிற்கிறார். அவரிடம் நான் இன்னும் சரியாகப் பேசவில்லை.

அருள்செல்வி.


இராஜபாளையம்,
நவம்பர் 14, 1982.

அன்புள்ள அத்தானுக்கு,

முதல் தந்தியைப் பார்த்து அழுதுகொண்டே பெட்டி கட்டினதையும், கட்டி முடிக்கும்போது இரண்டாவது வந்ததையும் நீங்கள் எழுதியிருந்த கடிதத்தை அத்தை இன்னும் அடிக்கடி வாசிக்கச் சொல்கிறார்கள். உங்கள் அண்ணனும் நானும் இப்போது பேசிக்கொள்கிறோம்.

ஈரச் சாம்பல் பாரத்தில் கூரைகள் உட்காருகின்றன, மில் ஆட்களோடு போய் ராத்திரி பகலாக வாரித் தள்ளினோம் என்று எழுதியிருந்தீர்கள். நான் தைத்த துணியைக் கட்டிக்கொண்டு எல்லோரும் கூரை மேல் நிற்கிற போட்டோவைக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். இதில் உங்களை எனக்கே அடையாளம் தெரியவில்லை. இருமல் நின்றுவிட்டது என்கிறீர்கள். அதை நான் பக்கத்தில் இருந்து கேட்டால்தான் நம்புவேன்.

வயலும் மீன்குளமும் மூடிப்போய் உங்கள் மில் ஷெட்டில் தங்கியிருக்கிற அந்தக் குடும்பத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். இவ்வளவு ஆன பிறகும் அந்த மலையடிக்கே திரும்பிப் போவோம் என்கிறார்களா? இங்கே எல்லோரும் அவர்களுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்று பயிரை மூடின சாம்பல் வருஷங்கள் போய் மக்கினால் அதே மண் அள்ளிக் கொடுக்கும் என்று அவர்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். மழை பொய்த்தாலும் நம் ஆட்கள் வன்னியம்பட்டி மானாவாரிக் காட்டை விட்டுப் போகவில்லையே.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி மில்லில் கேட்கிறார்கள், நீ வா என்றால் வந்துவிடுகிறேன், முடிவு உன் கையில் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைச் சத்தமாக வாசித்து முடித்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் அத்தை என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபடி, "ஏட்டி, அவன் அங்கயும் நீ இங்கயுமா எத்தன வருசம்?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஆகவே, நீங்கள் வர வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுத்தது உங்கள் அண்ணன்தான். நிரப்பும்போது, அங்கே என்னம்மா இருக்கிறது என்று கேட்டார். மலை இருக்கிறது என்றேன். சிரித்துவிட்டார். அத்தையை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மலை ஆறின பிறகு அதன் வாயில் தண்ணீர் நின்று ஏரியாகுமாமே? அந்தக் கரையில் ஒரு நாள் நிற்க வேண்டும் என்று இருக்கிறது. தனியாக நின்று பார்க்க எனக்குப் பிரியமில்லை. மில்லில் சொல்லி, அங்கே குடும்பத்தோடு இருக்க ஒரு வீடு கேளுங்கள். சின்ன வீடு போதும். கேட்டுவிட்டு, வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அந்த வார்த்தையை நீங்களாக எழுதுவீர்கள் என்றுதான் இத்தனை நாள் நான் கேட்காமல் இருந்தேன்.

ஆண்டவர் உங்களையும், உங்களோடு இருக்கிற அந்தக் குடும்பத்தையும் காக்கட்டும். அந்த மலையும் நான் வந்து சேருகிறவரை பேசாமல் இருக்கட்டும்.

என்றும் உங்கள்,
அருள்செல்வி.