எனக்குத் தெரியாது என்று எழுதியவருக்கு

இஞ்சேருங்கோ, என் எழுத்தாளரே,

உங்கள் மூன்றாவது நாவல் அச்சாகி வந்துவிட்டது. இடம்பெயர்ந்து வந்து, இந்தத் தண்ணீரூற்று ஊர்க் கொட்டிலில், காய்ச்சல் உங்களைக் கொண்டுபோவதற்கு முன் எழுதி முடித்தீர்களே, அதுதான். தாள் கொஞ்சம் மங்கல். சாமான் ஒன்றும் உள்ளே வரவிடாத இந்தத் தடைக்காலத்தில் தாள் கிடைத்ததே பெரிது.

முதல் நாவல் ஞாபகம் இருக்கிறதா? கிளிநொச்சி வீட்டில் எழுதியது. அதில் வரும் மனைவி மழையைப் பார்த்தபடி பக்கம் பக்கமாகச் சாவைப் பற்றி நினைப்பாள். வாசித்துவிட்டுச் சொன்னேன்: “இது நானில்லை. என்ரை சீலையைக் கட்டிக்கொண்டு நீங்களெல்லோ நிக்கிறியள்! மழை வந்தால் நான் முற்றத்தில காயிற மிளகாயைத்தான் நினைக்கிறனான்.” முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தீர்கள்.

இரண்டாவதில் அவளுக்கு வாய் வந்தது. ஆனால் கணவனோடு சண்டை பிடிக்கும்போதும் உங்கள் நியாயங்களையே பேசினாள். தேத்தண்ணிக்கடை முதலாளி, பஸ் சாரதி எல்லாரும் உங்களைப் போலவே பெருமூச்சு விட்டார்கள். வன்னி முழுக்க நீங்கள் ஒருவர்தானா இருந்தீர்கள்?

மூன்றாவதில் நாங்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட நாள் வருகிறது. சாமான் ஏற்றிய உழவு இயந்திரம் ஒழுங்கையில் நிற்கிறது. ஷெல் சத்தம் கிட்டக் கேட்கிறது. மனைவி இறங்கி வெறும் வீட்டுக்குள் திரும்பிப் போகிறாள். கணவன் வாசல் படலையில் நிற்கிறான். “உள்ளே அவள் என்ன நினைத்தாளோ, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை” என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டீர்கள்.

அச்சு வேலையைப் பார்த்த உங்கள் சிநேகிதர் மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. சைக்கிளால் இறங்கியதுமே கேட்டார்.

“அக்கா, வாசிக்கிற சனம் கேக்கும். அண்டைக்கு என்ன நினைச்சனீங்கள்? சொல்லுங்கோ, ரெண்டு வரி சேர்ப்பம்.”

“வேண்டாம் தம்பி. அவருக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிப் போடவேண்டாம்.”

“எழுதுறவருக்கு எல்லாம் தெரியவேணுமெல்லோ?”

“முந்தி இவருக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தது. அதுதான் பிழையாப் போனது.”

மாஸ்டர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அந்த இடத்தில் கை வைக்கவில்லை.

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஒரே வீட்டில் படுத்தெழும்புகிற ஒருத்தியை, இவள் வேறொரு ஆள் என்று எத்தனை பேர் கண்டுகொள்கிறார்கள்? நீங்கள் கண்டீர்கள். கண்டதை எழுதவும் துணிந்தீர்கள்.

இப்போது கிணற்றடியில் பெண்கள் என்னை விடுவதில்லை. “உண்மையா உள்ளுக்குப் போய் என்னக்கா நினைச்சனீங்கள்?” சிரித்துவிட்டு வாளியைத் தூக்குகிறேன். ஒருவருக்கும் சொல்லமாட்டேன், இது வாக்கு. நீங்களே வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன். அது என்னுடையது என்று எழுதிக் கொடுத்தவர் நீங்கள்தானே.

உங்கள் மனைவி,
புவனேஸ்வரி