டிஷ்யூ பேப்பரில் என் முகம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், எனக்கு மட்டும் சில நாளாகச் சோறு இறங்கவில்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வயிற்றில் கோளாறு ஒன்றுமில்லை, பயப்படாதே. எல்லாம் உன் அண்ணன் செய்த காரியம், நினைத்தாலே குமட்டுகிறது.

உன் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு சொல்லை எடுத்து அதன் எழுத்துகளை வளைத்து நெளித்துப் படமாக்குகிறார் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. பூனை என்று எழுதினால் அந்த எழுத்துகளே சுருண்டு படுத்த பூனையாகும், குடை என்று எழுதினால் குடை விரியும். சாப்பாட்டு மேசை முழுக்கப் பென்சில் சீவலும் ரப்பர் தூளும்தான். சும்மா இருக்கிற மனுஷன் ஏதோ செய்கிறாரே என்று நானும் விட்டுவைத்தேன். போன மாதம் எனக்குத் தெரியாமல் என் முகத்தையே வரைந்திருக்கிறார், அதுவும் எந்தச் சொல்லில் தெரியுமா, 'வாயைத் துடை'. நீங்கள் சாப்பிட்டு எழும்போதெல்லாம் நான் கத்துவேனே, அதே சொல். என் பிறந்தநாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தரலாம் என்று நினைத்து அதை உன் அண்ணனிடம் நீட்டியிருக்கிறார். எதற்கென்று வாயைத் திறந்து சொல்லவில்லை, அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் பொழுது விடிந்துவிடும் என்று உனக்குத் தெரியாதா. அவன் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, தன் சாப்பாட்டுக் கடைக்காகத்தான் அப்பா வரைந்திருக்கிறார் என்று நினைத்து, மொத்தமாக டிஷ்யூ பேப்பரில் அச்சடித்துவிட்டான்.

ஒன்றும் அறியாமல் மதியம் அவன் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் ஒரு தடியன் குழம்பு வழிய வழியத் தின்றுவிட்டு என்னால் வாயைத் துடைத்தான். போகட்டும், அதோடு விட்டானா, என்னிலேயே மூக்கைச் சிந்தி, கசக்கி எச்சில் தட்டில் போட்டான். சீ! கை கழுவும் இடத்தில் தொட்டி நிறைய நான், தரையில் செருப்புக் கால் மிதித்த நான். உன் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டால், "வாயத் துடைன்னு எழுதியிருந்தா வேற எதுலம்மா போடுறது, வர்றவங்க எல்லாம் சிரிச்சுட்டுப் போறாங்க" என்று இளிக்கிறான். அண்ணி வேறு, "அத்தை, நீங்க இப்ப ஃபேமஸ்" என்கிறாள். தின்ற வாயைத் துடைக்கப் பெற்றவள் முகம்தானா கிடைத்தது? மேசைகளில் மிச்சமிருந்ததை எல்லாம் வாரிப் பையில் திணித்துக்கொண்டு, இந்தக் கண்ணராவி ஒழிகிறவரை உன் கடை வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவைப் பிடிபிடி என்று பிடித்தேன். அச்சடித்த பிறகு அண்ணன் திருப்பித் தந்திருந்த, கையால் வரைந்த அசல் படத்தை அவர் எடுத்து வந்து வைத்தார். 'துடை'யின் 'டை' எழுத்தில் இருக்கும் இரண்டு சுழிகள் என் மூக்குக் கண்ணாடி, 'ட'வின் மூலை என் மோவாய், நடுவில் இருக்கும் 'த்' எழுத்தின் புள்ளி என் மேலுதட்டு மச்சம். இத்தனை வருஷமாகப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காத மனுஷனுக்கு மச்சம் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்ததோ. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை, நான் சொல்கிற நல்ல வார்த்தை ஏதாவது ஒன்றில் வேறு படம் வரையுங்கள் என்றேன். அவர் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு, "சரி, நீ வேற என்ன சொல்லுவ, சொல்லு, வரையறேன்" என்றார். குத்திக்காட்டவில்லையடி, நிஜமாகவே கேட்டார். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவர் பென்சிலோடு காத்திருந்தார், நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அசல் படம் பீரோவில் என் துணிகளுக்கு அடியில் இருக்கிறது, அண்ணனிடம் மூச்சு விடாதே. வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் இரண்டு பேரும் நன்றாக இருங்கள். உன்னிடம் நான் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் யோசித்துப் பார்த்து உடனே எழுது, உன் அப்பா இன்னும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

இப்படிக்கு,
ஊரார் வாயையெல்லாம் துடைக்கும்
உன் அம்மா